மூடியில எழுதின பேரு

கதவைத் திறந்ததும் மூஞ்சியில வந்து மோதுற வெதுவெதுப்பு இருக்கே, அது ஆட்டு வயித்துச் சூடு. முப்பத்தெட்டரை டிகிரி. கால்நடைக் கல்லூரியில எந்த ரூம்ல ஏசி ஓடலைன்னாலும் இந்த இன்குபேட்டர் பெட்டிக்கு மட்டும் கரண்ட் போகக் கூடாது, அப்படி ஒரு செல்லம் அதுக்கு. எப்பவும் கைக்கு ஒண்ணா, முட்டை இருக்குற ரெண்டு கண்ணாடி டிஷ்ஷையும் எடுத்துக்கிட்டு முழங்கையால கதவைத் தள்ளிச் சாத்துற மங்கையர்க்கரசி, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணை எடுத்தா. மைக்ராஸ்கோப் பக்கத்துல வச்சா. சாய்க்காம தூக்கி அடியைப் பார்த்தா. ‘ம’ன்னு இருந்துச்சு. ம, மருந்து. உள்ள இருக்குற இன்னொண்ணுக்கு அடியில ‘வெ’. வெ, வெறும், மருந்து போடாதது. நேத்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவளே எழுதினதுதான், ஆனாலும் மூணு தடவை தூக்கிப் பார்த்தா. மூணாவது தடவை பார்க்குறப்போ அந்த ‘ம’ ஒரு எழுத்தாவே தெரியலை, யாரோ குத்தவச்சு உக்காந்து இவளையே பார்க்குற மாதிரி இருந்துச்சு. மணி ரெண்டு பத்து. அவளோட கைடு எஸ்தர் மேடம் மூணு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஏழு மணிக்குச் சென்னை வண்டி, ரெண்டு பேருக்கும் டிக்கெட் இருக்கு. நாளைக்குக் காலையில அங்க ஒரு மாநாட்டுல மேடம் மேடையேறி, பிப்ரவரி மாசம் இந்த லேப்ல கண்டுபிடிச்சதைச் சொல்லப்போறாங்க. அந்தக் கணக்கு எடுத்தவ மங்கை. ஆறு வருஷமா இழுத்துக்கிட்டுக் கிடக்குற அவளோட பிஎச்டி புத்தகத்துல புதுசுன்னு சொல்லிக்க இருக்குறது அது ஒண்ணுதான். டிசம்பரோட கெடு முடியுது, அப்புறம் பதிவே ரத்து. அந்தக் கணக்கு நிசமா பொய்யான்னு இன்னும் அம்பது நிமிஷத்துல இந்த ரெண்டு டிஷ்ஷும் சொல்லிப்புடும். மேடத்துக்கு இது சும்மா இன்னொரு தடவை பண்ணிப் பார்க்குறது. “மேடையில யாராவது எத்தனை தடவை பண்ணீங்கன்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லிக்கலாம்ல”ன்னாங்க. மங்கைக்கு மட்டும்தான் தெரியும், இது அது இல்லைன்னு.

முட்டைன்னதும் ஓடு வச்ச முட்டைன்னு நினைச்சுக்காதீங்க. அம்பாசமுத்திரத்துல அவங்க தெருவே அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கு. பக்கத்து வீட்டு வேலம்மா சித்தி ஒரு நாள் போன்லயே கேட்டுட்டா, “ஏட்டி, முட்டை ஆராய்ச்சி பண்ணுதியாம்லா, ஒரு அட்டை கம்மி விலைக்குக் கிடைக்குமா?” “சித்தி, அது ஆட்டு முட்டை.” சித்தி மெதுவா, “ஆடு எப்பம்ட்டி முட்டை போட ஆரம்பிச்சுது?” அம்மா போனைப் பிடுங்கி, “அவளுக்குப் படிச்சுப் படிச்சு மூளை கலங்கிட்டு, நீ வை”ன்னு சிரிச்சா. சிரிப்புக்கு அடியில ஒரு கவலை இருந்துச்சு, முப்பத்திமூணு வயசுப் பொண்ணைப் பத்தி அம்மாவுக்கு இருக்குற கவலை. அது போகட்டும். ஆட்டோட சினைப்பை மேல நீர்க்கொப்புளம் மாதிரி சின்னச் சின்னப் பைங்க இருக்கும். ஒவ்வொரு பைக்குள்ளயும் தூசி மாதிரி ஒரு முட்டை. அந்த ஆடு தன் தாய் வயித்துல இருக்கும்போதே தூங்க ஆரம்பிச்ச முட்டை. சுத்தி இருக்குற செல்லுங்க ‘தூங்கு, தூங்கு’ன்னு உள்ளுக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்கும். முட்டைக்குள்ள ஒரு என்சைம் இருக்கு, பள்ளிக்கூடத்துல நொதின்னு படிச்சோமே, அது அந்தச் சேதியைத் தின்னுக்கிட்டே இருக்கும். இது அனுப்ப, அது திங்க. பையை விட்டு முட்டையை வெளிய எடுத்துட்டா புதுச் சேதி வராது, இருக்குறதை அது தின்னு தீர்த்துடும், முட்டை முழிச்சுக்கும். முழிச்சதுக்கு அடையாளம், ஓரத்துல ஒரு குட்டி மொட்டைத் தள்ளும். மொட்டு இருந்தா பழுத்தாச்சு. இல்லேன்னா தூக்கம். மங்கை போடுற மருந்து அந்த என்சைமோட வாயைக் கட்டுற மருந்து. வாயைக் கட்டினா சேதி மிஞ்சும், முட்டை தூங்கும், மொட்டு குறையும். எல்லா ஊர் லேப்லயும் குறைஞ்சுதான் இருக்கு. துளியூண்டு மருந்து போட்டாக் கொஞ்சம் குறையும், நிறையப் போட்டா நிறையக் குறையும். மங்கை லேப்ல, பிப்ரவரியில, துளியூண்டு போட்ட டிஷ்ல மொட்டு கூடிப்போச்சு.

கண்ணாடிக் குழாயை எடுத்தா. நுனி மயிரிழை மாதிரி இருக்கும், அதை வச்சு முட்டையை உள்ள இழுக்கணும், வெளிய விடணும், இழுக்கணும், விடணும், சுத்தி ஒட்டியிருக்குற செல்லுப் பஞ்சு உதிர்ற வரைக்கும். ராத்திரி பூரா அந்தப் பஞ்சு விரிஞ்சு பஞ்சுமிட்டாய் மாதிரி ஆகியிருக்கு. பஞ்சு விரிஞ்சதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, மருந்து போட்டதுலயும் விரியும், போடாததுலயும் விரியும். உள்ள இருக்குறது தெரியணும்னா உரிச்சாத்தான். இழு, விடு. கை நடுங்கக் கூடாது. பிப்ரவரியில கை நடுங்கலை, அன்னைக்கு ஒரு பயமும் இல்லையே, பல்லி விழுற வரைக்கும். இழு, விடு. பழைய கட்டடம், டியூப்லைட் பட்டிக்கு மேல பல்லி குடும்பம் குடும்பமா இருக்கும். சொரிமுத்து அண்ணன், லேப் அட்டெண்டர், அதுங்களுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காரு, குண்டா இருக்குறதுக்குப் பேரு ‘டீன்’, கல்லூரி டீனை நினைச்சு வச்சது. அன்னைக்கு விழுந்தது டீனான்னு தெரியாது. மங்கை ரெண்டு டிஷ்ஷையும் திறந்து, ரெண்டு மூடியையும் டிஷ்யூ பேப்பர் மேல மல்லாக்க வச்சிருந்தா. பேரு மூடியில. மூடியில எழுதுறவங்க என் லேபுக்கு வேண்டாம்னு முதல் நாளே எஸ்தர் மேடம் சொல்லியிருக்காங்க, ஆனா அடியில எழுதினா மைக்ராஸ்கோப்புல பார்க்குறப்போ மை மறைக்குதே, அதனால மேடத்துக்குத் தெரியாம எல்லாப் பிள்ளைகளும் மூடியிலதான் எழுதும். மல்லாக்க வச்சா பேரு கீழ போயிடும், கண்ணுக்குத் தெரியாது. இடது பக்க டிஷ்ஷுக்கு இடது பக்க மூடி, வலதுக்கு வலது, அவ்வளவுதான் கணக்கு. பொத்துன்னு இடது தோள்ல ஏதோ ஜில்லுன்னு விழுந்துச்சு. ஆன்னு துள்ளினா. கை பேப்பர்ல பட்டு, பேப்பர் இழுபட்டு, மூடி ரெண்டும் வழுக்கிப்போய் சிங்க் ஓரத்துல சுத்தி நின்னுச்சு, காசு சுத்தி நிக்குற மாதிரி. முட்டைக்கு ஒண்ணும் ஆகலை. பல்லி வாலை மட்டும் விட்டுட்டு ஓடிருச்சு. சொரிமுத்து அண்ணன் ஓடி வந்து, பல்லியைத் தேடலை, மூடியைத் தேடலை, சுவத்துல மாட்டியிருந்த நாள்காட்டிக்குப் போயிட்டாரு. அதுக்குப் பின்னாடிதானே பல்லி விழும் பலன் போட்டிருக்கு. “எந்தத் தோள்மா?” “இடது.” “இடது தோள்... இடது தோள்... லாபம்னு போட்டிருக்கு தாயி! எனக்கெல்லாம் அது தலையிலதான் விழும்.” எல்லாரும் சிரிச்சாங்க. மங்கையும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே மூடியை எடுத்து மூடினா.

எந்த மூடியை எதுக்கு? அதுதான். அங்கதான் நினைப்பு வந்து வந்து மாட்டிக்குது, முள்ளுச் செடியில சேலை மாட்டுன மாதிரி, இந்தப் பக்கம் எடுத்துவிட்டா அந்தப் பக்கம் பிடிச்சுக்கும். சிங்க் ஓரத்துல கிடந்ததுல கிட்ட இருந்ததை முதல்ல எடுத்தா. கிட்ட இருந்தது இடதா? எடுத்ததும் பேரைப் படிச்சா. படிச்சாளா? ‘ம’ன்னு படிச்ச ஞாபகம் இருக்கு. ‘ம’ன்னு படிச்சு எந்த டிஷ்ஷுல வச்சா? டிஷ்ல பேரு இல்லையே, டிஷ் வெறும் டிஷ்தானே, இடதுல மருந்துன்னு மனசுலதானே இருந்துச்சு, துள்ளுன துள்ளல்ல நாற்காலி திரும்பிடுச்சே, எந்திரிச்சு மேசைக்கு அந்தப் பக்கமா நின்னுதானே மூடினா, அப்ப இடது எது? ராத்திரி படுக்கையில ரெண்டு கையையும் தூக்கிப் பிடிச்சு எத்தனை தடவை பார்த்திருப்பா. ரெண்டு நாள் கழிச்சு கணக்கைப் பார்த்துட்டு எஸ்தர் மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. மருந்து போட்டதுல நாப்பத்தொண்ணுக்கு இருபத்தொன்பது மொட்டு. வெறுமனே விட்டதுல நாப்பதுக்குப் பதினெட்டு. “மங்கை, லேபிள் சரிதானே?” “சரிதான் மேடம்.” எவ்வளவு சின்ன வார்த்தை பாருங்க. கடையில சில்லறை வாங்குறப்போ சொல்றோம், பஸ்ல இடம் விடச் சொன்னா சொல்றோம். ஒருத்தன் பொய் சொல்றான்னு தெரிஞ்சாலும் ‘ஆமா, சரிதான்’னு சொல்றோம். அவ அன்னைக்குச் சொன்னது இதுல எது? சொல்லும்போது பொய்யின்னு நினைச்சுச் சொல்லலை. நிசம்னு நினைச்சும் சொல்லலை. வாயில இருந்தது, வந்துருச்சு. மேடம் நாற்காலியில சாய்ஞ்சு, “நிறையக் கொடுத்தா தூங்குது, கொஞ்சமாக் கொடுத்தா முழிக்குது! இதை யாருமே பார்க்கலையே, புள்ளை!”ன்னாங்க. நாசரேத்துக்காரங்க, சந்தோஷம் வந்தாத்தான் அவங்க வாயில ‘புள்ளை’ வரும். ஆறு வருஷத்துல அன்னைக்குத்தான் மங்கையைப் புள்ளைன்னாங்க. அதுக்கு மேல எப்படி வாயைத் திறந்து, மேடம், ஒரு பல்லி, ஒரு மூடின்னு...

திரும்பப் பண்ணியிருக்கலாம், மறுவாரமே. பண்ணணும்னுதான் இருந்தா. ஆட்டுக்கொல்லி நோய் வந்து சந்தையை அடைச்சுட்டாங்க. ஆடு அடிக்கிற இடத்துல மைதீன் பாய்தான் சினைப்பையை வெட்டி, வெதுவெதுப்பான உப்புத்தண்ணி ஊத்தின ஃபிளாஸ்க்குல போட்டுக் கொடுப்பாரு. நல்ல மனுஷன். ஒருக்க அவரு மச்சான் டீ ஃபிளாஸ்க்னு நினைச்சு டம்ளர்ல சாய்ச்சுட்டான், குடிக்கலை, ஆனா அன்னையோட அவன் டீயையே விட்டுட்டான்னு பாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அந்தப் பாய் ஆறு மாசமா, “ஆடே வரலையேம்மா”ன்னாரு. ஒவ்வொரு தடவை அவரு அப்படிச் சொல்றப்பவும் மங்கைக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லு இறங்குற மாதிரி நிம்மதியா இருக்கும். அப்புறம் அந்த நிம்மதியை நினைச்சா அருவருப்பா இருக்கும். ஏழு மாசம் இந்த ரெண்டுக்கும் நடுவுல போச்சு, இந்த வாரம்தான் சந்தை திறந்து பாய் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாரு. அதுக்குள்ள மேடம் மாநாட்டுக்கு எழுதி அனுப்பியாச்சு, அவங்க ஏத்துக்கிட்டு அச்சும் போட்டாச்சு. முதல் பேரு மங்கையர்க்கரசி, ரெண்டாவதுதான் எஸ்தர். லேப்ல அதுக்குப் ‘பல்லி ரிசல்ட்’னே பேரு. சொரிமுத்து அண்ணன், “லாபம்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா”ன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் மங்கை சிரிக்கணும்.

இழு, விடு. பஞ்சு உதிர்ந்து முட்டை அம்மணமா உருண்டுச்சு. வெள்ளை இல்ல, பழுப்பு இல்ல, மங்கலா ஒரு நிலா. ஓரத்துல பார்த்தா. மொட்டு இல்ல. உருட்டினா, அந்தப் பக்கம் இருக்கலாமே. இல்ல. ஒண்ணு. அடுத்தது. இல்ல. ரெண்டு. மூணாவதுல இருந்துச்சு. வாய் தானா, “ஆங்!”னுச்சு. இருக்கே, மொட்டு இருக்கே, அப்ப பிப்ரவரி நிசமா? இருக்கட்டும், கடவுளே, இருக்கட்டும், எல்லாத்துலயும் இருக்கட்டும். இப்படி வேண்டிக்கிட்டே எண்ணக் கூடாதுன்னு தெரியும், வேண்டிக்கிட்டு எண்ணுற கண்ணு இல்லாததையும் பார்க்கும். ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் மொட்டுங்கும். அதனால ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கமும் உருட்டிப் பார்த்தா, சந்தேகமா இருந்ததை இல்லைன்னே வச்சா. கழுத்துக்குப் பின்னாடி வேர்வை இறங்குறது தெரிஞ்சுது. வெளிய மாட்டுக்கொட்டகையில ஒரு கன்னுக்குட்டி கத்திக்கிட்டே இருக்கு, யாரும் போய்ப் பார்க்க மாட்டேங்குறாங்க. பதினஞ்சுக்கு ஆறு. இருபத்தஞ்சுக்குப் பத்து. நாப்பதுக்குப் பதினேழு. நாப்பதுக்குப் பதினேழுன்னா மருந்து தூங்க வச்சிருக்கு. இல்ல, இரு, இன்னைக்கு முட்டைங்களே மோசமா இருக்கலாம், வெறும் டிஷ்ஷையும் பார்த்தாத்தான் தெரியும், அதுல பன்னிரண்டுதான் இருந்துச்சுன்னா? போய் அதையும் எடுத்துட்டு வந்தா. அடியைப் பார்த்தா, ‘வெ’. உரிச்சா. மொட்டு. மொட்டு. மொட்டு. இல்ல. மொட்டு. பாதி எண்ணுறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு, ஆனாலும் கை நிறுத்தலை, எண்ணிக்கிட்டே போச்சு. நாப்பதுக்கு முப்பது. பிப்ரவரியில மருந்துன்னு எழுதின கணக்கு இன்னைக்கு வெறும் டிஷ்ல வந்து உக்காந்திருக்கு, பிப்ரவரி வெறும் டிஷ்ஷோட கணக்கு மருந்துல. சட்டையை உள்வெளியா போட்ட மாதிரி. மூடி மாறித்தான் இருக்கு. ஏழு மாசம் ராத்திரி ராத்திரி கையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டிருந்ததுக்கு விடை. தெரிஞ்சதும் அழுகை வரும்னு நினைச்சிருந்தா. வரலை. பசிச்சுது. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

நோட்டை விரிச்சா. ரெண்டு பத்தி, தலைப்பு இன்னும் எழுதலை. ஒண்ணுல பதினேழு, ஒண்ணுல முப்பது. எழுதும்போது தலைப்பு விட்டுட்டு எழுதணும்னு நினைச்சு எழுதலை, ஆனா விட்டிருக்கா. பக்கத்துல ஸ்பிரிட் நனைச்ச பஞ்சு. ஒரு தேய்ப்பு, அடியில இருக்குற ‘ம’ போயிடும், இன்னொரு தேய்ப்பு, ‘வெ’ போயிடும். மாத்தி எழுத எவ்வளவு நேரம் ஆகப்போகுது. யாரு பார்க்கா? முட்டைங்க பேசுமா? இன்னும் அரை மணியில இதுங்களைச் சாயத்துல போட்டுடுவாங்க, அப்புறம் எது எங்கே இருந்து வந்துச்சுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. சென்னையில மேடம் ரெண்டு தடவை பண்ணோம்னு சொல்லுவாங்க. டிசம்பர்ல புத்தகம் கொடுத்துடலாம். அம்மா தெருவுக்கே லட்டு கொடுப்பா. அப்புறம் எங்கேயாவது ஒரு ஊர்ல ஒரு பிள்ளை, இவங்க சொன்னதை நம்பி, இவளை மாதிரியே ஒரு ஆறு வருஷம், துளியூண்டு மருந்தைப் போட்டுப் போட்டு, ஏன் எனக்கு மட்டும் வரமாட்டேங்குதுன்னு... வராதுடி, அது வராது. பஞ்சைத் தொட்டா. ஜில்லுன்னு இருந்துச்சு. கையை எடுத்துட்டா. திரும்பத் தொட்டா. மருந்து டிஷ்ஷை மறுபடியும் மைக்ராஸ்கோப்புல வச்சு, இன்னொருக்க எண்ணுவோம், எண்ணுறவரைக்கும் ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம்னு குனிஞ்சா. பின்னாடி செருப்புச் சத்தம். மணி மூணு ஆகலையே. மூணுக்குப் பத்து நிமிஷம் இருக்கே.

“என்ன மங்கை, முடிச்சாச்சா? நகரு, நானும் கொஞ்சம் பார்க்கேன்.” எஸ்தர் மேடம் கைப்பையைக் கூடக் கீழ வைக்காம, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு குனிஞ்சாங்க. வேர்வையும் பவுடரும் கலந்த வாசம். ஊருக்குப் போறதுக்குப் புதுச் சேலை, மடிப்பு கலையலை. ஒத்தைக் கையால மைக்ராஸ்கோப் திருகியைத் திருப்பினாங்க. “ம். இதுல ரொம்பக் கம்மியா இருக்கே. தூங்குமூஞ்சிங்க.” கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாங்க. “இது வெறும் டிஷ்தானே?”

அவங்களே சொல்லிட்டாங்க. ஸ்பிரிட் வேண்டாம், தேய்க்க வேண்டாம், பேனா வேண்டாம். ஒரு ‘ம்’ போதும். ‘ம்’ கூட வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். அவங்க பாட்டுக்கு நிமிர்ந்து, பரவால்ல புள்ளைன்னு சொல்லி, சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. பொய்யைக் கூட அவ சொல்ல வேண்டியதில்ல, அவங்க சொன்னதை எடுத்து வச்சுக்கிட்டாப் போதும். கன்னுக்குட்டி கத்துறது நின்னுபோச்சு. யாரோ போய்ப் பார்த்திருக்காங்க.

“இல்ல மேடம். மருந்து.”

மேடம் நிமிரலை. “மருந்தா? அடியைப் பார்த்துச் சொல்லு.”

“அடியிலதான் எழுதியிருக்கேன். மருந்து. நாப்பதுக்குப் பதினேழு. வெறும் டிஷ்ல முப்பது.”

திருகியைப் பிடிச்ச விரல் அப்படியே நின்னுச்சு. மங்கை பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியலை. மூடி, பேப்பர், பல்லி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்னது, லேபிள் சரிதானேன்னு நீங்க கேட்டது, நான் சரிதான்னது, எனக்குத் தெரியாது மேடம், அன்னைக்கு நிச்சயமாத் தெரியாது, ஆனா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்ல. எல்லாம் ஒரே மூச்சுல வந்துச்சு. முடிச்சதும்தான் மேடம் நிமிர்ந்தாங்க.

“மூடியில எழுதினியா?”

“ஆமா மேடம்.”

“ஏழு மாசமா தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“எனக்கு இல்லையே. எனக்குச் சந்தேகமே இல்லாம ஏழு மாசம் ஊர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே.” குரல் ஏறலை, அதுதான் பயமா இருந்துச்சு. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கிட்டு இன்னொரு டிஷ்ஷை எடுத்து, அடியைப் பார்த்து, அவங்களே முதல்ல இருந்து எண்ணினாங்க. வாய்விட்டு எண்ணினாங்க. மங்கை பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தா. பத்து நிமிஷம் இருக்கும். முப்பதுதான் வந்துச்சு. அப்புறம் கைப்பையில இருந்து லேப்டாப்பை எடுத்து, மேசையில குழாயையும் பஞ்சையும் ஒதுக்கி வச்சுத் திறந்தாங்க. நாளைக்குக் காட்டப்போற படம். ரெண்டு தூண், வெறுமுக்கு நீலம், மருந்துக்குச் சிவப்பு, சிவப்பு உசரமா நிக்குது.

“உக்காரு. நீயே அழி.”

மங்கை உக்காந்து அழிச்சா. விரல் ரெண்டு தடவை வேற பட்டனுக்குப் போச்சு.

“இன்னைக்கு உள்ளதைப் போடு. பக்கத்துலயே பிப்ரவரி உள்ளதையும் போடு. ரெண்டும் தெரியணும்.” மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டு, திரும்பாம சொன்னாங்க, “நான் பேசலை. நீ பேசு.”

“மேடம், நான் மேடையில...”

“முதல் பேரு உன்னோடதுதானே? என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. சிரிப்பாங்க, சிரிக்கட்டும். மூடியில எழுதுற பாதிப் பேரு அங்க உக்காந்திருப்பாங்க, அவங்க சிரிக்க மாட்டாங்க.” கைப்பையைத் தோள்ல மாட்டினாங்க. வாசல் வரைக்கும் போயிட்டு நின்னாங்க. “சாப்பிட்டுட்டு வா. ஆறரைக்கு ஸ்டேஷன்ல இரு. வண்டியில பேச வேண்டாம், எனக்கு இப்ப உன்கூடப் பேச முடியாது. ஆனா நாளைக்கு முதல் கேள்வி நான்தான் கேப்பேன். தயாரா வா.”